ஒரு விசைப்பலகை, பல கணினிகள்: பொருந்தாமல் போவது எங்கே?

மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் இருக்கும். சாதாரண விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் சேர்த்து ஒரே ரப்பர் விரிப்பும், அதன் கீழே மின்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்களும்தான். மெக்கானிக்கல் வகையிலோ ஒவ்வொரு சுவிட்சுக்கும் சொந்த ஸ்பிரிங் உண்டு, சொந்தத் தொடுமுனை உண்டு. அழுத்தியது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். பழுதானால் அந்த ஒரு சுவிட்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச்தான் இன்றைய பெரும்பாலான சுவிட்சுகளுக்கு மூலம். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் அந்த சுவிட்ச், 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே தொடர்பை ஏற்படுத்திவிடும். செர்ரியின் காப்புரிமை முடிந்த பிறகு சீனாவின் கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற நிறுவனங்கள் அதே அளவில் சுவிட்சுகளைச் செய்து குவித்தன. ஒரு காலத்தில் ஆர்வலர்கள் மட்டுமே வாங்கிய இந்த வகை, மாணவர் கைக்கும் எட்டும் பொருளாகிவிட்டது.

மலேசியாவின் காஜாங் வட்டாரத்தில் இதற்கு ஆள் குறைவில்லை. பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், காஜாங்கில் தெனாகா தேசியப் பல்கலைக்கழகம், செமினியில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் என்று கணினியோடு நாளைக் கழிக்கும் இளைஞர்கள் சூழ்ந்த ஊர் அது. இணையக் கடையிலோ கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ வாங்கிய விசைப்பலகை ஒரு கணினிக்கு மட்டும் என்று இருப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் விண்டோஸ், வீட்டில் மேக், நிரல் எழுத லினக்ஸ், பயணத்தில் ஐபேட் என்று ஒரே விசைப்பலகை நான்கு வகைக் கருவிகளோடு இணைகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கணினியில் ஒழுங்காக ஓடிய விசைப்பலகை மற்றொன்றில் நகலெடுக்கும் குறுக்குவழியை ஏற்பதில்லை. எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்கப்படாமல் விளக்கின் ஒளி மாறுகிறது. சில சமயம் விசைப்பலகையே செத்துப்போனதுபோல் கிடக்கிறது.

இவை எல்லாவற்றையும் 'ஒத்துப்போகவில்லை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் பொருத்தமின்மை நான்கு இடங்களில் வரலாம்: செருகியும் அதன் வழியே பேசும் மொழியும், கணினி விசைப்பலகையை அடையாளம் காணும் விதம், கட்டுப்பாட்டு விசைகளின் பொருள், கடைசியாக எழுத்து. எந்த இடத்தில் சிக்கல் என்று தெரிந்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் எளிது. தெரியாமல் போனால் நல்ல விசைப்பலகையைத் திருப்பி அனுப்ப நேரும்.

விசைப்பலகை அனுப்புவது என்ன?

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. 'அ' என்ற விசையை அழுத்தினாலும் 'ஏ' என்ற ஆங்கில விசையை அழுத்தினாலும் கம்பி வழியே போவது ஓர் எண் மட்டுமே.

விசைகள் உள்ளே கிடைவரிசையாகவும் நெடுவரிசையாகவும் பின்னப்பட்டிருக்கும். சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று அந்த வரிசைகளை இடைவிடாமல் சோதித்தபடி இருக்கும். எந்தக் கிடைவரிசையும் எந்த நெடுவரிசையும் இணைந்தன என்று பார்த்து, அந்த இடத்துக்குரிய எண்ணைக் கணினிக்குச் சொல்லும். யுஎஸ்பி விசைப்பலகைகளுக்கு இந்த எண்கள் உலகம் முழுவதும் ஒன்றுதான். ஆங்கில ஏ இருக்கும் இடத்துக்கு 4, கே இருக்கும் இடத்துக்கு 14, க்யூ இருக்கும் இடத்துக்கு 20, இடப்பக்க ஷிஃப்டுக்கு 225. விசைப்பலகை சொல்வது வீட்டு எண்ணை மட்டும். அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல் கணினியிடம் இருக்கிறது.

ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்தால் இது விளங்கும். தமிழ்99 விசை அமைப்பில் 'அம்மா' என்று எழுத ஏ, கே, கே, க்யூ ஆகிய நான்கு விசைகள் போதும். விசைப்பலகையிலிருந்து புறப்படுபவை 4, 14, 14, 20 என்ற எண்கள். கணினியில் இருக்கும் தமிழ்99 பட்டியல் 4 என்றால் அ, 14 என்றால் ம என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே மெய் இரண்டு முறை வந்ததால் முதல் ம மீது தானே புள்ளி வைக்கிறது. 20 என்றதும் ஆகாரத்தைச் சேர்க்கிறது. அதே சொல்லை அஞ்சல் முறையில் ஆங்கில ஒலிப்படி எழுதுபவர் தட்டும்போது 4, 16, 16, 4, 4 போகும். திரையில் வருவது அதே 'அம்மா'. கணினி ஆங்கிலத்தில் இருக்கும்போது முதலில் சொன்ன விசைகளைத் தட்டினால் பொருளற்ற நான்கு ஆங்கில எழுத்துகள் வரும். மூன்று சந்தர்ப்பங்களிலும் விசைப்பலகைக்கு எதுவும் தெரியாது.

எழுத்தும் விசையும் பிரிந்த கதை

தட்டச்சுப்பொறியில் நிலைமை வேறு. விசையை அழுத்தினால் அதனோடு பிணைந்த உலோக அச்சு எழும்பித் தாளில் அடிக்கும். எழுத்தை மாற்ற வேண்டுமானால் இரும்பையே மாற்ற வேண்டும். தமிழுக்கு இந்த இயந்திரத்தை வசப்படுத்தியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா. 247 எழுத்துகளையும் தனித்தனி விசைகளில் வைக்க இடமில்லை. எனவே அவர் எழுத்துகளைப் பொதுக் கூறுகளாகப் பிரித்தார். புள்ளி, விசிறி போன்ற குறிகளுக்கு நகரா விசைகளை அமைத்தார். அவற்றை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து வரும் மெய் அதே இடத்தில் விழுந்து முழு எழுத்தாகும். அதனால் தட்டச்சில் 'க்' எழுதப் புள்ளியை முதலில் அடித்து, பிறகு க அடிக்க வேண்டும். 'கெ' எழுதவும் கொம்பு முதலில், க பின்னால்.

கணினி வந்தபோது விசையும் எழுத்தும் பிரிந்தன. கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள், பிறகு முரசு அஞ்சல் என்று பெயர் பெற்று, சந்தையில் கிடைக்கும் சாதாரண ஆங்கில விசைப்பலகையைக் கொண்டே தமிழ் எழுத வழி செய்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கினார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விசை அமைப்பைத் தந்ததால் 1990களில் குழப்பமும் சேர்ந்தே வளர்ந்தது. 1997இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் இணைய மாநாட்டு வரிசையில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடு தமிழ்99 விசை அமைப்புக்கு வழி வகுத்தது. தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. 2001இல் அந்த மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. பின்னர் அஞ்சல், தமிழ்99 இரண்டும் மேக், ஐபோன், ஐபேட், விண்டோஸ் ஆகியவற்றிலேயே உள்ளமைந்து வரத் தொடங்கின. ஐபோனுக்கும் ஐபேடுக்கும் அவை 2013இல் ஐஓஎஸ் 7 வழியே வந்தன.

தட்டச்சுப் பழக்கமுள்ளவர்களுக்காகப் பழைய தட்டச்சு அமைப்பும் கணினியில் இருக்கிறது. அங்கே மென்பொருளுக்குக் கூடுதல் வேலை. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் 'கெ' சேமிக்கப்படும். தட்டச்சர் கொம்பை முதலில் அடிக்கிறார். மென்பொருள் அந்தக் கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, க வந்ததும் வரிசையை மாற்றி எழுதுகிறது.

மலேசியாவில் விற்கும் விசைப்பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கில அமைப்பில் வருபவை. மலாய் ரூமி எழுத்துக்கு அதுவே போதும். தமிழ் எழுத்து பொறித்த விசைப்பலகையைத் தேடி அலைய வேண்டிய தேவை தமிழருக்கும் எழாததற்குக் காரணம், எழுத்துக்கான பட்டியலைக் கணினிக்குள் வைக்கும் வழியை மென்பொருளாளர்கள் கண்டதுதான். மற்ற மூன்று சிக்கல்களுக்கும் பல தீர்வுகள் அதே கொள்கையில்தான் அமைகின்றன: எண்ணை மாற்று, அல்லது பட்டியலை மாற்று.

செருகி பொருந்தினாலும் மொழி வேறு

பழைய விசைப்பலகை மீது மோகம் கொண்டவர்கள் முதலில் மோதுவது இங்கே. ஐபிஎம் நிறுவனத்தின் 1981 கணினிக்கு 83 விசைகள் கொண்ட விசைப்பலகை வந்தது. எக்ஸ்டி முறை என்று அதைச் சொல்வார்கள். அது பேசும், கேட்காது: எண்களை அனுப்பும், கணினியிடமிருந்து எதையும் பெறாது. 1984இல் வந்த ஏடி முறை இருவழிப் பேச்சு. கேப்ஸ் லாக் விளக்கை ஏற்று என்று கணினி கட்டளையிட முடியும். இரண்டுக்கும் வட்டமான ஐந்து முனைச் செருகி ஒன்றே. பேசும் மொழி வெவ்வேறு. ஏ விசைக்கு எக்ஸ்டி ஓர் எண்ணையும் ஏடி வேறோர் எண்ணையும் தரும். செருகி அழகாக உட்கார்ந்தும் விசைப்பலகை பேசாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் காலத்து விசைப்பலகைகள் பலவற்றின் அடியில் எக்ஸ்டி, ஏடி என்று குறித்த சிறு சுவிட்ச் இருப்பதைக் காணலாம். 1987இல் ஐபிஎம் பிஎஸ்/2 என்ற சிறிய செருகியைக் கொண்டுவந்தது; அது ஏடி மொழியையே பேசியது.

ஆப்பிளின் வழி தனி. 1986 முதல் ஏடிபி என்ற நான்கு முனை இணைப்பை அது பயன்படுத்தியது. கணினி ஓடும்போது இந்தச் செருகியைப் பிடுங்கிச் செருகக் கூடாது. ஆல்ப்ஸ் சுவிட்சுகள் கொண்ட ஆப்பிள் எக்ஸ்டெண்டட் விசைப்பலகை இன்றும் சேகரிப்பாளர் தேடும் பொருள். 1998இல் வந்த ஐமேக் ஏடிபியைக் கைவிட்டு யுஎஸ்பிக்கு மாறியது.

இந்தப் பழைய விசைப்பலகைகளைப் புதுக் கணினியில் இணைக்க இரண்டு வகை மாற்றிகள் விற்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பணம் வீணாகிறது. ஒன்று வெறும் செருகி மாற்றி. உள்ளே சில்லு இல்லை, கம்பிகள் மட்டும். பிஎஸ்/2, யுஎஸ்பி ஆகிய இரு மொழிகளும் தெரிந்த விசைப்பலகைக்குத்தான் அது பயன்படும். மற்றது மொழிபெயர்க்கும் மாற்றி. அதனுள் சிறு கணினியே இருக்கிறது: பழைய எண்ணை வாங்கி யுஎஸ்பி எண்ணாக மாற்றிக் கொடுக்கும். 1985இல் வெளிவந்து இன்றும் புழங்கும் ஐபிஎம் மாடல் எம் போன்றவற்றுக்கு இந்த வகைதான் வேண்டும். அதிலும் அந்த விசைப்பலகை இன்றைய விசைப்பலகைகளைவிட அதிக மின்சாரம் இழுப்பதால் மிக மலிவான மாற்றிகள் தடுமாறுவதுண்டு. கைத்தேர்ச்சி உள்ளவர்கள் ஏடிமெகா 32யு4 சில்லு கொண்ட சிறு பலகையை வாங்கி, டிஎம்கே அல்லது க்யூஎம்கே என்ற திறந்த மூல நிரலை ஏற்றி, மாற்றியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

யுஎஸ்பி இருந்தும் கணினி கண்டுகொள்ளாதபோது

புதிய விசைப்பலகையிலும் இந்தச் சிக்கல் வரலாம். முதலில் சந்தேகிக்க வேண்டியது கம்பி. கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்த யுஎஸ்பி-சி கம்பிகளில் தரவுக்கான இழைகள் இருப்பதில்லை. விசைப்பலகையின் விளக்குகள் ஒளிரும், ஆனால் ஓர் எழுத்தும் வராது.

அடுத்தது மின்சாரம். இணைத்த முதல் கணத்தில் யுஎஸ்பி கருவி 100 மில்லியாம்பியர் வரைதான் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் கணினியிடம் கேட்டுப் பெற வேண்டும். யுஎஸ்பி 2.0இல் உச்ச அளவு 500 மில்லியாம்பியர். நூறு வண்ண விளக்குகள் எரியும் விசைப்பலகையை ஐபேடிலோ மின்னிணைப்பு இல்லாத ஹப்பிலோ செருகினால், கருவி அதிக மின்சாரம் கேட்கிறது என்ற அறிவிப்போடு நின்றுவிடுவது இதனால்தான். விளக்குகளை அணைத்துவிட்டோ, தனி மின்னிணைப்புள்ள ஹப் வழியாகவோ முயல்வது தீர்வு.

மூன்றாவது, கணினி தொடங்கும் நேரத்துச் சிக்கல். இயங்குதளம் ஏறும் முன் வரும் பயாஸ் திரையில் கணினிக்கு யுஎஸ்பியின் முழு அறிவும் இருப்பதில்லை. எளிமையாக்கப்பட்ட ஒரு முறையை மட்டும் அது அறியும். அதில் ஒவ்வொரு செய்தியும் 8 பைட்: ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒரு பைட், ஒதுக்கி வைத்தது ஒரு பைட், மற்ற ஆறும் அழுத்திய விசைகளுக்கு. ஒரே நேரத்தில் ஆறு விசைகளுக்கு மேல் சொல்ல முடியாது. விளையாட்டுக்கென்று வரும் விசைப்பலகைகள் எல்லா விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் பதிவாகும் என்று விளம்பரப்படுத்தப்படுபவை. அதற்காக வேறு வடிவச் செய்தியை அனுப்புகின்றன. பயாஸுக்கோ பழைய கருவிக்கோ அது புரியாமல் போகலாம். அதனால்தான் சில மாடல்களில் பயாஸ் என்று குறித்த தனிச் சுவிட்ச் இருக்கிறது. வேறு சிலவற்றில் எஃப்என் விசையோடு இன்னொரு விசையை அழுத்தி ஆறு விசை முறைக்கு மாறலாம்.

புளூடூத் விசைப்பலகை இயங்குதளம் ஏறிய பிறகே கணினியோடு சேரும். எனவே பயாஸ் திரையில் பெரும்பாலும் அதற்கு வேலை இல்லை. கூட வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செருகியைப் போட்டால் கணினி அதைக் கம்பி விசைப்பலகையாகவே எண்ணிக்கொள்ளும். ஆப்பிள் சிலிக்கான் மடிக்கணினிகளில் இன்னொன்றும் உண்டு. 2022இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுரா முதல், புதிய யுஎஸ்பி கருவியைச் செருகினால் அனுமதி கேட்கும். அந்தக் கேள்வியைக் கவனிக்காமல் விட்டாலும் விசைப்பலகை பேசாது.

ஆல்ட், விண்டோஸ், கமாண்ட்

மிக அதிகமானோர் சந்திப்பது இந்த மூன்றாம் வகை. விண்டோஸ் விசைப்பலகையின் கீழ்வரிசையில் இடமிருந்து கண்ட்ரோல், விண்டோஸ், ஆல்ட், ஸ்பேஸ். ஆப்பிள் விசைப்பலகையில் கண்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட், ஸ்பேஸ். யுஎஸ்பி எண்களில் ஆல்ட்டும் ஆப்ஷனும் ஒன்றே: 226. விண்டோஸ் விசையும் கமாண்டும் ஒன்றே: 227. ஆக, விண்டோஸுக்குச் செய்த விசைப்பலகையை மேக்கில் செருகினால் கமாண்ட் ஓரிடம் தள்ளி உட்காரும். ஸ்பேஸுக்கு அருகே கட்டைவிரல் தேடும் இடத்தில் ஆப்ஷன் இருக்கும். நகலெடுக்க நினைத்து அழுத்தினால் 'ç' போன்ற ஏதோ ஒரு குறி விழும்.

மேக்கில் இதைத் திருத்தக் கூடுதல் மென்பொருள் தேவையில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய், கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதனுள் மாடிஃபையர் கீஸ் என்ற இடத்தில் ஆப்ஷனையும் கமாண்டையும் இடம் மாற்றிவிடலாம். மேலே எந்த விசைப்பலகைக்கு என்று தேர்ந்தெடுக்கும் பட்டி இருக்கிறது. புதிய விசைப்பலகையின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாற்றினால் மடிக்கணினியின் சொந்த விசைகள் பழையபடியே இருக்கும். முதல்முறை செருகும்போது மேக் திறக்கும் சாளரம் இடப்பக்க ஷிஃப்டுக்கு அடுத்த விசையை அழுத்தச் சொல்வதும் தேவையோடுதான். அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய அமைப்புகளில் எது என்று அந்த விசையின் எண்ணைக் கொண்டு அது முடிவு செய்கிறது.

வேறு சில விசைகளும் மேக்கில் பொருள் மாறும். பிரின்ட் ஸ்கிரீன் எஃப்13 ஆகிவிடும். ஸ்குரோல் லாக், பாஸ் இரண்டும் எஃப்14, எஃப்15 ஆகித் திரை ஒளியைக் குறைக்கவும் கூட்டவும் செய்யும். ஆப்பிளின் எஃப்என் விசையை மட்டும் பிற நிறுவன விசைப்பலகையில் எதிர்பார்க்க முடியாது. அதற்கான எண் யுஎஸ்பியின் பொதுப் பட்டியலில் இல்லை. ஆப்பிள் தனக்கென்று வைத்துக்கொண்டது. மற்ற விசைப்பலகைகளில் எஃப்என் என்று பொறித்திருந்தாலும் அது விசைப்பலகைக்கு உள்ளேயே வேலை செய்யும். அதை அழுத்தியது கணினிக்குத் தெரியவே தெரியாது.

கணினி விசைப்பலகையைத் தவறாக அடையாளம் காணும் சிக்கலை லினக்ஸில் நடந்த ஒரு நிகழ்வு நன்றாகக் காட்டும். ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் தன் தயாரிப்பாளர் எண்ணைச் சொல்லியே உள்ளே வரும். ஆப்பிளின் எண் 1452. மேக்குக்கும் விண்டோஸுக்கும் பொதுவாக வந்த கீக்ரான் மெக்கானிக்கல் விசைப்பலகைகளின் முந்தைய மாடல்கள் அந்த ஆப்பிள் எண்ணையே சொல்லின. லினக்ஸ் அதை நம்பி, ஆப்பிள் விசைப்பலகைக்கான இயக்கியை ஓட்டியது. விளைவாக எஃப்1 முதல் எஃப்12 வரை ஒளி, ஒலி விசைகளாகவே நடந்துகொண்டன, நிரலாளர்கள் திண்டாடினார்கள். அந்த இயக்கியின் எஃப்என்மோட் என்ற மதிப்பை 2 என்று மாற்றினால் எஃப் விசைகள் எஃப் விசைகளாகவே வரும். பின்னாளைய லினக்ஸ் கெர்னல்களில் உண்மையான ஆப்பிள் விசைப்பலகையா என்று தானே பார்க்கும் வழியும் சேர்ந்தது.

பொறித்த எழுத்தும் வரும் எழுத்தும்

நான்காவது இடம் எழுத்து. ஜப்பானிலிருந்து வரும் பழைய மெக்கானிக்கல் விசைப்பலகையைக் குறைந்த விலையில் வாங்குபவர் முதல் நாளே இதைக் காண்பார். ஷிஃப்டோடு 2 அழுத்தினால் விசையில் பொறித்திருப்பது மேற்கோள் குறி. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினித் திரையில் வருவது '@'. பழுது எதுவும் இல்லை. விசைப்பலகை சரியான எண்ணைத்தான் சொல்கிறது. கணினி வேறு பட்டியலைப் பார்க்கிறது. பட்டியலை ஜப்பானியமாக மாற்றினால் பொறிப்பும் திரையும் ஒத்துப்போகும்.

தமிழில் எழுதுபவருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. தமிழ்99இல் ச, ஆங்கில பி (P) விசைக்கு வலப்பக்கம் இருக்கும் எண்ணில் இருக்கிறது. ஜப்பானிய விசைப்பலகையில் அந்த இடத்தில் வேறு குறி பொறித்திருந்தாலும் எண் அதேதான். கணினியின் தமிழ்ப் பட்டியலுக்கு ச கிடைத்துவிடும்.

தமிழருக்கு உண்மையில் கவனம் வேண்டியது அளவில். தமிழ்99 உயிர்களை இடக்கைப் பக்கமும் மெய்களை வலக்கைப் பக்கமும் வைக்கிறது. மெய்யும் உயிரும் மாறி மாறி வரும் மொழி என்பதால் கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. நீண்ட நேரம் எழுத வசதி. ஆனால் வலப்பக்கம் மெய்கள் அதிகம். ந, ய, ச, ஞ, ழ ஆகியவை ஆங்கில எழுத்து விசைகளைத் தாண்டி, அரைப்புள்ளி, மேற்கோள், சதுர அடைப்பு, சாய்கோடு ஆகிய குறிகளின் விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. எண் பகுதியை நீக்கிய விசைப்பலகை, அம்பு விசைகளையும் நீக்கிய 60 விழுக்காட்டு விசைப்பலகை ஆகியவற்றில் இவை அனைத்தும் உண்டு. அதைவிடச் சிறிய 40 விழுக்காட்டு வகையில் சதுர அடைப்பு விசைகள் பெரும்பாலும் இருக்காது. எஃப்என் போன்ற ஒரு விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும். அதாவது ஒவ்வொரு ச, ஒவ்வொரு ஞ எழுதவும் இரண்டு விசை. அஞ்சல் முறையில் ஒலிப்படி எழுதுபவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

விசை மூடிகளில் தமிழ் எழுத்துகளைப் பொறித்துக்கொள்ள விரும்புபவர் ஒட்டுத்தாள் ஒட்டலாம், அல்லது அச்சிட்ட மூடிகளை வாங்கலாம். எம்எக்ஸ் வகை சுவிட்சுகளின் நடுவே சிலுவை வடிவத் தண்டு இருக்கும். அதற்குப் பொருந்தும் மூடி நிறுவனம் எதுவானாலும் உட்காரும். கீழ்வரிசையின் அகலம் மட்டும் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

விசைப்பலகையே நேரடியாக 'அ' என்று அனுப்பும்படி செய்யலாமே என்று தோன்றும். யுஎஸ்பி விசைப்பலகை முறையில் யூனிகோடு எழுத்தை நேரே அனுப்ப இடம் இல்லை. க்யூஎம்கே நிரலில் ஒரு சுற்றுவழி உண்டு. அ என்ற எழுத்தின் யூனிகோடு எண்ணான 0பி85ஐ, மனிதர் ஒருவர் வேகமாகத் தட்டுவதுபோல விசைப்பலகை தட்டும். அந்த எண்ணை எழுத்தாக்கும் முறை விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று. கணினி மாறினால் விசைப்பலகையிலும் மாற்ற வேண்டும். இந்தத் திருகுதாளத்தைவிடக் கணினியின் தமிழ்ப் பட்டியலை நம்புவதே நல்லது.

திருத்தத்தை எங்கே வைப்பது?

ஒரே திருத்தத்தை மூன்று இடங்களில் செய்யலாம். முதலாவது இயங்குதளத்தின் சொந்த அமைப்பு. எளிது, பாதுகாப்பானது, ஆனால் அந்தக் கணினியோடு நின்றுவிடும்.

இரண்டாவது தனி மென்பொருள். மேக்கில் கராபைனர் எலிமென்ட்ஸ் ஒவ்வொரு விசைப்பலகைக்கும் வெவ்வேறு விதி வைக்க இடம் தருகிறது. விண்டோஸில் மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் கீபோர்டு மேனேஜர் இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். உள்நுழையும் திரையில் பழைய விசைகளே இருக்கும். உள்நுழைவுத் திரையிலும் மாற்றம் வேண்டுமானால் விண்டோஸ் பதிவேட்டில் ஸ்கேன்கோட் மேப் என்ற மதிப்பை எழுதிக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அந்த மாற்றம் எல்லா விசைப்பலகைகளையும் பாதிக்கும். யுஎஸ்பி எண்ணைப் பழைய ஐபிஎம் காலத்து எண்ணாக மாற்றிக்கொண்டுதான் விண்டோஸ் இன்றும் உள்ளுக்குள் விசைகளைக் கையாள்கிறது. ஸ்கேன்கோட் என்ற பெயர் அந்தக் காலத்து மிச்சம்.

மூன்றாவது இடம் விசைப்பலகையின் சொந்த நினைவகம். க்யூஎம்கே நிரலில் ஓடும் விசைப்பலகைகளில், வியா என்ற செயலியைத் திறந்து திரையில் உள்ள விசையைத் தொட்டு மாற்றினால், அந்த மாற்றம் விசைப்பலகைக்குள்ளேயே பதிந்துவிடும். எந்தக் கணினியில் செருகினாலும் அது கூடவே வரும். மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாத அலுவலகக் கணினிக்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கும் இதுவே ஏற்றது. பக்கவாட்டில் மேக், விண்டோஸ் என்று சுவிட்ச் கொண்ட விசைப்பலகைகள் செய்வதும் இதுதான்: தள்ளியதும் 226, 227 எண்கள் இடம் மாறுகின்றன.

ஒரே கணினியில் பல விசைப்பலகைகளைப் பயன்படுத்துபவர் திருத்தத்தைக் கணினியில் வைப்பது நல்லது. ஒரே விசைப்பலகையைப் பல கணினிகளுக்குக் கொண்டுபோகிறவர் அதை விசைப்பலகையில் வைப்பது நல்லது. இரண்டிலும் வைத்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்து, விசைகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்; வாங்கிய முதல் வாரத்தில் பலரைக் குழப்புவது இதுவே.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காஜாங் நிலையத்தில் எம்ஆர்டி ஏறினால் வண்டி மாறாமல் புக்கிட் பிந்தாங் இறங்கி, லோ யாட் பிளாசாவுக்கு நடந்தே போய்விடலாம். நேரில் வாங்குவதில் உள்ள பெரிய வசதி, சொந்த மடிக்கணினியைக் கொண்டுபோய்ச் செருகிப் பார்க்க முடிவது. தமிழ் அமைப்பைத் திறந்து 'ச', 'ஞ', 'ழ' மூன்றையும் தட்டினால் எல்லா விசைகளும் கைக்கு எட்டுகின்றனவா என்று உடனே தெரியும். ஷிஃப்டோடு ஆங்கில க்யூ அழுத்தி 'ஸ' வருகிறதா என்றும் பார்க்கலாம்.

இணையத்தில் வாங்குபவர் பொருள் விவரத்தில் தேட வேண்டியவை சில. அமெரிக்க அமைப்பா, ஜப்பானிய அமைப்பா. மேக் சுவிட்ச் உண்டா. க்யூஎம்கே அல்லது வியா ஆதரவு உண்டா. கம்பி, புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் மூன்றில் எவை உண்டு. கூட வரும் கம்பி தரவுக்கும் சேர்த்தா. கம்பியில்லா வகை என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரையும் இருக்க வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துபவர் மாடல் பெயரோடு எஃப் விசைகள் பற்றிய குறிப்புகளை முன்கூட்டியே படித்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டுக்கு வந்த விசைப்பலகை ஒத்துழைக்காவிட்டால் வரிசையாகச் சோதிக்க வேண்டும். விளக்கு எரிந்தும் எழுத்து வராவிட்டால் கம்பி, மின்சாரம், அனுமதிச் சாளரம். இயங்குதளத்தில் வேலை செய்து பயாஸில் செய்யாவிட்டால் ஆறு விசை முறை அல்லது கம்பி இணைப்பு. குறுக்குவழிகள் மட்டும் தவறினால் ஆல்ட்டும் கமாண்டும். குறிகள் மட்டும் மாறி வந்தால் கணினியில் தேர்ந்தெடுத்த மொழிப் பட்டியல். இவை எதிலும் அடங்காமல் ஒரே விசை மட்டும் எல்லாக் கணினிகளிலும் பேசாமல் இருந்தால்தான் சுவிட்ச் பழுது என்று கொள்ளலாம். சுவிட்சைக் கழற்றி மாற்றும் வசதியுள்ள மாடலில் அதைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினால் போதும். பற்றவைத்த மாடலானால் பற்றவைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்க வேண்டும்.